கேட்கப் போகிறவர்களுக்கு

தேர்தல் வந்துவிட்டால் என் வீட்டுத் திண்ணைக்குச் சால்வை வந்துவிடும். சீட் கிடைத்த பிள்ளைகள் காரில் வந்து இறங்குவார்கள், காலைத் தொடுவார்கள், தோளில் ஒன்றைப் போர்த்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "ஐயா ஆசீர்வாதம் பண்ணணும்" என்பார்கள். நான் "உட்காரு தம்பி" என்று வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு வண்டி கிளம்பியிருக்கும். பீரோவில் நாற்பது சால்வைக்கு மேல் கிடக்கிறது. உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள்.

காவிரியின் கடைமடையில் ஒரே தொகுதியில் ஐந்து முறை நின்றவன் நான். 1989இலும் 1996இலும் வென்றேன். 1984, 1991, 2001 மூன்றிலும் தோற்றேன். முதல் வெற்றிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. 1991 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்பட்டு, இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு பிறருக்குத் தலைமை ஏஜென்டாக இருந்து, மாறிக்கொண்டே வரும் விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கட்சி எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் கட்சி எதுவானாலும் கீழே இருப்பது உதவும்.

1. முதலில் வாக்காளர் பட்டியலை எடுத்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஊரையெல்லாம் பட்டியலில் சேர்க்க அலைந்துவிட்டுத் தன் பெயர் விடுபட்டதைக் கவனிக்காத ஒருவரை எனக்குத் தெரியும். சட்டமன்றத்துக்கு நிற்க இருபத்தைந்து வயது முடிந்திருக்க வேண்டும். மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்களை முன்மொழிகிறவருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தே தீர வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நீங்களே பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பரிசீலனை நாளில் நான் பார்த்த தள்ளுபடிகளில் பாதி இந்த எண்களால் வந்தவை.

படிவம் 26 என்று ஒரு பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் வர வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்; இல்லாததற்கு 'இல்லை' என்று எழுதுங்கள். நாலு செட் வரை தாக்கல் செய்யலாம், இரண்டாவது செய்யுங்கள். நல்ல நேரம் பார்க்கிறவர்கள் ராகு காலம், எமகண்டத்தோடு பிற்பகல் மூன்று மணியையும் சேர்த்துப் பாருங்கள். அதுதான் மனு வாங்குவதை நிறுத்தும் நேரம். தேர்தல் அதிகாரிக்கு அந்த ஒரு கண்டம்தான் தெரியும்.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போய்விடும். முன்பு இது 250 ரூபாயாக இருந்தது. 1996இல் மொடக்குறிச்சி விவசாயிகள் தங்கள் குறையை நாட்டுக்குச் சொல்ல மொத்தமாகப் போய் மனுப் போட்டார்கள். 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. பிறகுதான் டெபாசிட் ஏறியது. அவர்களைக் கேலி பேசுவார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஜெயிக்க நிற்காமல் கேட்க நின்றவர்கள்.

2. போன தேர்தலின் படிவம் 20ஐ வாங்குங்கள். எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். ஒரு தொகுதிக்கு இருநூற்றைம்பது, முந்நூறு பூத் வரும். இரண்டு ராத்திரி உட்கார்ந்தால் படித்து முடிக்கலாம். நான் வைத்திருந்த வழக்கம் மூன்று நிறப் பென்சில்: நாம் முந்திய பூத், இழுபறிப் பூத், நம்மைத் துடைத்தெறிந்த பூத்.

கட்சிக்காரர்கள் உங்களை முதல் வகைக்கே அழைத்துப் போவார்கள். மேளம், வெடி, ஆரத்தி எல்லாம் அங்கேதான் தயாராக இருக்கும். நீங்கள் மூன்றாம் வகைக்கு முதலில் போங்கள்.

1984இல் வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு காலனித் தெரு. 611 ஓட்டில் எனக்கு விழுந்தது 19. "அது நம்ம ஏரியா இல்லண்ணே" என்று கிளைச் செயலாளர் சொன்னதைக் கேட்டு நான் அங்கே காலே வைக்கவில்லை. தோற்ற பிறகு ஒரு சாவுக்குப் போனேன். பிணத்தைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போக, இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலில் இறங்க வேண்டியிருந்தது. தூக்குகிறவர்கள் நடுவில் கால் மாற்றும்போது பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் இருந்த ஒருவர்கூட என்னிடம் பாலம் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஓட்டு முடிந்து வந்த ஆள் என்பதால் என்னோடு பேசினார்கள். 1989இல் அந்தப் பூத்தில் எனக்கு முந்நூறுக்கு மேல். அந்த வாய்க்கால் பின்னாலும் வரும்.

3. எதிர்த்து நிற்பவரின் குடும்பத்தை மேடையில் இழுக்காதீர்கள். தேர்தல் முடிந்ததும் இருவரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார வேண்டியவர்கள்.

4. பணம். இதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்பது சட்டம். நம் ஊர் நடப்பு உங்களுக்கே தெரியும். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு திருமங்கலம் என்ற ஊர்ப் பெயரே ஓட்டுக்குப் பணம் தரும் ஒரு 'ஃபார்முலா' ஆகிவிட்டது. பாவம், அந்த ஊர் என்ன செய்தது? 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாயிற்று.

நீதி நேர்மை எல்லாம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். தொகுதியில் இரண்டரை லட்சம் ஓட்டு. ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு ஐந்நூறு என்றால் ஐந்து கோடி. எம்.எல்.ஏ.வுக்கு மாதம் 1,05,000 ரூபாய் என்று 2018இல் ஆக்கினார்கள். அறுபது மாதமும் ஒரு காசு தொடாமல் சேர்த்தால் 63 லட்சம். மீதி நாலு கோடியே முப்பத்தேழு லட்சம் யாருடையது? அவர் எப்போது திருப்பிக் கேட்பார்?

எப்போது என்பதை நான் சொல்கிறேன். 1996இல் ஒரு நண்பர் இரண்டு அம்பாசடர் காரும் டீசலும் கொடுத்தார். "இதெல்லாம் கணக்கா அண்ணே" என்றார். பதவியேற்ற ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு வந்தார். ஆற்றில் மணல் அள்ள ஏலம் வரப்போகிறது, கலெக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அந்த ஆறு எங்கள் தலைமடை. நான் சொல்லவில்லை. டீசல் காசைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. 2001இல் எதிராளியின் ஜீப்பில் அவர் நின்றுகொண்டு போனதைப் பார்த்தேன். ஆகவே கொடுக்கிறவரிடம் முன்பே கேளுங்கள்: "எதற்கு?" கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். தினமும் எழுத ஒரு ஆளை வையுங்கள். அவர் உங்கள் மைத்துனராக இருக்க வேண்டாம். முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் இது உண்டு. தோற்ற சோகத்தில் கணக்குத் தராமல் விட்டவர்களை மூன்று வருடம் நிற்கவே கூடாதென்று தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம், செய்தும் வருகிறது.

5. பூத் ஏஜென்டுக்குச் சாப்பாடு போடுங்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது ஓட்டாவது போட்டு, எண்ணிப் பார்த்து, அதை அழித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள். அழித்ததை உங்கள் ஆள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு இட்லிப் பொட்டலம் போகாத பூத்தில் ஒன்பது மணிக்கு உங்கள் நாற்காலி காலியாக இருக்கும். மாலையில் படிவம் 17சி நகலைக் கையெழுத்தோடு வாங்கிவர வேண்டும். மொத்தம் எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். எண்ணிக்கை நாளில் இயந்திரம் காட்டும் எண்ணை அதோடு ஒத்துப் பார்க்கலாம். அன்று ராத்திரி எல்லாப் பூத்தின் 17சியும் வந்துவிட்டதா என்று எண்ணாமல் நான் படுத்ததில்லை.

இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். 2021இல் தியாகராய நகர் 137 ஓட்டில் முடிவாயிற்று. ராஜஸ்தானில் 2008இல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், அதுவும் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தபோது. 2016இல் ராதாபுரம் 49 ஓட்டு. அங்கே சான்றொப்பம் இட்டவர் தகுதியான அதிகாரியா என்ற கேள்வியில் 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. தோற்ற அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். 2019இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே அந்தப் பேரவையின் ஆயுளும் முடிந்தது. அவர் 2021இல் வென்று சபாநாயகர் ஆனது வேறு கதை. வழக்குப் போடுவதானால் முடிவு வந்த நாற்பத்தைந்து நாளுக்குள் போட வேண்டும். ஆனால் பாருங்கள், ஐந்து வருடம் நீதிமன்ற வராந்தாவில் நிற்பதைவிட, தபால் ஓட்டு எண்ணும் மேசையில் விதி தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரை உட்கார வைப்பது சுலபம்.

6. வென்றால் மறுநாள் காலை, மாலை வாடுவதற்குள், தோற்றவர் வீட்டுக்குப் போங்கள். 1984இல் என்னைத் தோற்கடித்தவரை 1989இல் நான் தோற்கடித்தேன். போய் நின்றதும் அவர் மனைவி முகம் கொடுக்கவில்லை, காபி மட்டும் வந்தது. அவர் உள்ளே போய்ச் சணல் கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். பாதியில் நின்ற வேலைகள். எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பேனாவால் எழுதியிருந்தார். கட்சி வேறு, ஜென்மப் பகை, ஆனால் அந்தக் கட்டு எனக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. 1991இல் அவர் வென்றார். என் கட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தோற்றவரைக் குறைவாக நினைக்காதீர்கள். 1967இல் விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார்.

7. உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்காரவோ ஓட்டுப் போடவோ கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். அரசமைப்புச் சட்டத்தின் 193ஆவது பிரிவு. அனுமதி வாங்காமல் அறுபது நாள் கூட்டத்துக்கு வராவிட்டால் இடம் காலி என்று பேரவை அறிவிக்கலாம். புது உறுப்பினருக்கு ஒரு பையில் போட்டு விதிப் புத்தகம் கொடுப்பார்கள். பையைத்தான் பலரும் உபயோகிக்கிறார்கள்.

8. எம்.எல்.ஏ.வால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. இதை முதல் மாதமே புரிந்துகொண்டால் நல்லது. கிராம நிர்வாக அலுவலரோ தாசில்தாரோ உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்லர். நிதி உங்கள் கையில் இல்லை. போலீஸ் உங்கள் பேச்சைக் கேட்கக் கடமைப்பட்டதில்லை. பிறகு உங்களிடம் என்னதான் இருக்கிறது?

நம் மொழியில் ஒரு வினை இருக்கிறது: கேட்பது. ஓட்டுக் கேட்கிறோம். குறை கேட்கிறோம். அவையில் கேள்வி கேட்கிறோம். கணக்குக் கேட்கிறோம். காது கொடுப்பதும் வாய் திறப்பதும் ஒரே சொல். இந்த வேலை முழுக்க அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்று எனக்குப் புரிய ஒரு தேர்தல் தோல்வியும் ஒரு அசட்டுத்தனமும் தேவைப்பட்டன. தோல்வியைச் சொல்லிவிட்டேன். அசட்டுத்தனம் இது.

வென்று போனதும் அந்த வாய்க்கால் பாலத்துக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் எழுதுகிற மாதிரிதான்: "பாலம் அமைக்க அரசு முன்வருமா?" நாலு மாதம் கழித்துப் பட்டியலில் வந்தது. அமைச்சர் எழுந்து, "தற்போது கருத்துரு ஏதும் இல்லை" என்றார். நான் எழுந்து, பேச்சு வராமல், "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் என் தொடையில் கிள்ளினார். "எதுக்குய்யா நன்றி? கருத்துரு இல்லைன்னா, அனுப்பச் சொல்லி உத்தரவு போடுவீங்களான்னு துணைக் கேள்வி போட வேண்டியதுதானே?"

அன்றிலிருந்து பழகிக்கொண்டது: கேள்வி எழுதும் முன் வேலை நடக்க வேண்டிய அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். மதிப்பீடு போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் எந்தத் தேதி, கோட்டத்திலிருந்து வட்டத்துக்குப் போயிற்றா, அங்கிருந்து தலைமைப் பொறியாளருக்குப் போயிற்றா? அந்தக் கடித எண்ணை வாங்கிவந்து அவையில் கேளுங்கள். "முன்வருமா" என்றால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும்; அந்தப் பரிசீலனை முடிந்து நான் பார்த்ததில்லை. "இந்தத் தேதி மதிப்பீடு இப்போது யாரிடம்?" என்றால் பதில் தயாரிக்கிற குமாஸ்தா கோப்பைத் தேடியே ஆக வேண்டும். தேடும்போதே கோப்பு பாதி நகர்ந்துவிடும். அமைச்சர் "செய்யப்படும்" என்று வாய் தவறிச் சொன்னாலும் அதைக் குறித்து வையுங்கள். அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

இரண்டாம் முறை சரியாகக் கேட்டேன். மதிப்பீடு தலைமைப் பொறியாளர் மேசைக்குப் போன சமயம் ஆட்சி கலைந்தது. நான் கொடுத்த கட்டில் அந்தத் தாள்தான் மேலே இருந்தது. அடுத்து வந்தவர் 1994இல் பாலத்தைக் கட்டி முடித்தார். கல்வெட்டில் அவர் பெயர். திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பிதழ்கூட வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்.

9. பேசப் பத்து நிமிடம் கிடைத்தால் ஆறு நிமிடத்தைத் தலைவரைப் புகழ்வதில் கழிக்கிற வழக்கம் நம் பேரவையில் எல்லாக் கட்சிக்கும் உண்டு. ஒரே வாக்கியத்தில் புகழ்ந்துவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பதும் அபூர்வம். மானியக் கோரிக்கை நாளுக்கு முன்னிரவு அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். போன வருடக் குறிப்பையும் பக்கத்தில் வையுங்கள். அதே பத்தி அப்படியே திரும்பி வந்திருந்தால் அதுவே ஒரு கேள்வி.

கலைஞர் கருணாநிதி 1957இல் குளித்தலையிலிருந்து முதல்முறை பேரவைக்குள் போனபோது பேசியது நங்கவரம் விவசாயிகளின் நிலப் பிரச்சினையை. தன் தொகுதி, தன் மனிதர்கள், குறிப்பான ஒரு வழக்கு. கன்னிப் பேச்சுக்கு உலகப் பொருளாதாரம் வேண்டாம்.

பொறுமையும் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் நின்று வந்தவர் அல்லர். சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டவர். தேவதாசி முறையை ஒழிக்க 1920களின் கடைசியில் அவையில் குரல் எழுப்பினார். சட்டம் வந்தது 1947இல். அப்போது அவர் உறுப்பினரே இல்லை.

10. குழுக்களில் இடம் கேட்டு வாங்குங்கள். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு. அங்கே டி.வி. கேமரா கிடையாது, அதனால் கூட்டமும் கிடையாது. ஆனால் அவையில் உங்களுக்குத் துண்டுச் சீட்டில் பதில் அனுப்புகிற துறைச் செயலாளர் அங்கே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தணிக்கை அறிக்கைக்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியில் இருக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

11. காலையில் வாசலில் வந்து நிற்கும் மனுக்கள்தான் உங்கள் உண்மையான ஆயுள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, மகனுக்கு வேலை, மருமகனுக்கு இடமாற்றம், கணவன் அடிக்கிறான், வரப்பைப் பக்கத்து வயல்காரன் வெட்டிவிட்டான். முக்கால்வாசி தாலுகா ஆபீசில் தீர வேண்டியது. அங்கே தீராமல்தான் உங்களிடம் வருகிறது.

ஒரு நோட்டுப் போடுங்கள். மூன்று பத்தி: யார் என்ன கேட்டார், நான் யாரிடம் கேட்டேன், என்ன ஆயிற்று. மூன்றாவது பத்தி காலியாகக் கிடக்கும் வரிகளைச் சனிக்கிழமைதோறும் சிவப்பில் வட்டமிடுங்கள். கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி. மனு வாங்கும்போது பி.ஏ.விடம் நீட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்காதீர்கள். ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். தன் குறையைத் தன் எம்.எல்.ஏ. வாசிக்கக் கேட்பதே அவர்களில் பலருக்குப் பாதி ஆறுதல். எழுதிக் கொடுத்தவன் தப்பாக எழுதியிருந்தால் அப்போதே தெரிந்தும் விடும்.

லெட்டர் பேடு விஷயத்தில் கஞ்சனாக இருங்கள். கேட்டவர்க்கெல்லாம் பரிந்துரைக் கடிதம் கொடுத்த ஒரு சகா, பிறகு அதிகாரிகளிடம் "பச்சை மை என்றால் செய்யுங்கள், நீல மை என்றால் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவைத்தார். ஒரு மாதத்தில் மக்களுக்கும் அது தெரிந்துபோய், "ஐயா, பச்சையில போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றார்கள். முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்லுங்கள். அன்று திட்டிக்கொண்டே போவார்கள். ஆறு மாதம் அலையவிட்டுச் சொன்னால் திட்டவும் மாட்டார்கள், ஓட்டும் போட மாட்டார்கள்.

அதிகாரியை ஒருமையில் பேசாதீர்கள், அதுவும் ஆட்கள் முன்னால். அவர் உங்களுக்கு முன்பு நாலு எம்.எல்.ஏ.வைப் பார்த்தவர்.

ஜமாபந்தி நடக்கும் நாட்களில் கல்யாணத்துக்கெல்லாம் போக வேண்டாம்; தாலுகா ஆபீசில் போய் உட்காருங்கள். கிராமக் கணக்கு முழுதும் ஒரே கூரையின் கீழ் வரும் நாட்கள் அவை.

12. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். என் முதல் முறையில் இப்படி ஒன்றே கிடையாது. நீங்கள் வேலையைச் சொல்லலாம், அனுமதி தருவது கலெக்டர். இதில் நான் காண்கிற வியாதி பேருந்து நிழற்குடை. நிழலைவிடப் பெயர்ப்பலகை பெரிது. இன்னொன்று, உயர்கோபுர மின்விளக்கு. போட்டுத் திறந்துவைத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். மாதாமாதம் கரண்ட் பில் கட்டுவது ஊராட்சி. கட்ட முடியாமல் இருட்டில் நிற்கும் விளக்குக் கம்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. எதைக் கட்டினாலும், அதைப் பிறகு யார் பராமரிப்பார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினால் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

13. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். 1985இல் வந்த பத்தாவது அட்டவணை. கட்சியை விட்டுத் தானாக விலகியதாகக் கருதப்பட்டாலும் போகும். 2017 செப்டம்பரில் நம் பேரவையில் 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அந்த நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019இல்தான். யார் பக்கம் நியாயம் என்பதைக் கட்சிக்காரர்கள் பேசட்டும். பதினெட்டுத் தொகுதிக்காரர்கள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மனுவைத் தூக்கிக்கொண்டு யார் வாசலில் நின்றார்கள் என்பதைப் பற்றி ஒரு விவாதமும் நான் பார்க்கவில்லை. கட்சி மாறத் தோன்றினால் ராஜினாமா செய்துவிட்டு மறுபடி போய் ஓட்டுக் கேளுங்கள். சொகுசு விடுதிக்குப் பஸ் வந்து நின்றால், ஏறும் முன் தொகுதியில் அன்று யாரை வரச்சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

14. உரிமை மீறல் என்ற ஆயுதத்தைத் தொடாதீர்கள். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு துணுக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பிச் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அவர் வழக்காடி ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். துணுக்கு அந்த வாரத்தோடு மறந்திருக்கும். பேரவை புண்ணியத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

15. தங்கச்சிகளுக்குத் தனியாக ஒன்று. 2021இல் வென்ற 234 பேரில் பெண்கள் 12. அந்தப் பன்னிரண்டில் ஒருவராக நீங்கள் வந்துவிட்டால், அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் உங்கள் வீட்டுக்காரரையோ அண்ணனையோ உட்காரவிடாதீர்கள். சும்மா ஐந்து நிமிடம் என்பார்கள். அடுத்த வாரம் மனுக்கள் அவர் கைக்குப் போகும். வேண்டுமானால் இன்னொரு நாற்காலி வாங்கிப் போடுங்கள், கொஞ்சம் உயரம் குறைவாக.

16. தோற்றால் அழலாம், ஒரு நாள். மறுநாள் கட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வென்றவர் வீட்டுக்குப் போங்கள். லெட்டர் பேடில் மிச்சமிருப்பதைக் கிழித்துப் போடுங்கள். 'முன்னாள்' என்று பேனாவால் எழுதி அதையே ஓட்டுகிறவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு சென்னைக்குப் போய் ஓமந்தூரார் தோட்டத்து விடுதி அறையைக் காலி செய்யுங்கள். ஒத்திப்போடாதீர்கள். படுக்கை விரிப்பிலிருந்து மின்விசிறி வரை எண்ணிச் சாவியைக் கொடுங்கள். வாடகை, மின்சாரம், தண்ணீர், டெலிபோன் நாலுக்கும் பாக்கி இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடந்த பத்து வருடத்தில் அரசு குடியிருப்பில் இருந்தீர்களா, பாக்கி உண்டா என்று படிவம் 26இல் ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த முறை நிற்கும்போது, மூன்று மணிக்குள், அந்தத் தாள் வேண்டும்.